மாடி ஏறியவர்களுக்கு நான் சொன்ன காரணங்கள்

சத்தியம் தம்பி, சத்தியம், சத்தியம். மூன்று தடவை சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதில் ஓர் எழுத்து பொய் இருந்தாலும் இந்த வீடு அப்படியே சரிந்து என் தலையில் விழட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எதற்கும்.

மாடி அறையைப் பிறகு பார்க்கலாம். சாவி எங்கேயும் ஓடிப்போகாது. போனில் என்ன சொன்னீர்கள்? கவுன்சிலிங் படித்திருக்கிறேன், தனியாக அறை பிடித்து உட்காரலாமா, பைபாஸ் பக்கத்து நாலு மாடிக் கட்டிடத்தில் மற்றவர்களோடு கூட்டாகச் சேரலாமா என்று யோசனையாக இருக்கிறது என்றீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் இந்த மாடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரப் பிள்ளை. டாக்டரம்மா என்று கூப்பிட்டால், “நான் டாக்டர் இல்ல ஐயா, மருந்து எழுத மாட்டேன்” என்று திருத்தும். மேடம் என்றால் முகம் சுளிக்கும். சரி, ஜனங்களுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கிற வேலைதானே என்று டீச்சர் ஆக்கிவிட்டேன். அதற்கு மட்டும் சிரித்தது.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. வெள்ளத்துரை. முப்பத்தொரு வருஷம் இந்தக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். மைக்கில் பேசுகிறவன். வண்டி வராது என்று மைக்கில் சொல்லக் கூடாது தம்பி, ஜனம் கல்லை எடுக்கும். டயர் பஞ்சர் என்றால் எவனும் நம்ப மாட்டான். நான் என்ன சொல்வேன்? “கயத்தாறு பக்கம் ரோட்டை மறித்து மயில்கள் நிற்கின்றன. நானூறு மயில். டிரைவர் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்” என்பேன். ஒரு மணி நேரம் ஒரு முணுமுணுப்பு இருக்காது. மயிலைப் பார்க்க வேண்டும் என்றே அந்த வண்டிக்குக் காத்துக் கிடந்த குடும்பம் உண்டு. மனுஷனுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் நன்றாக இருந்தால் எவ்வளவு நேரமும் இருப்பான். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

டீச்சர் வந்த முதல் மூன்று மாதம் மாடிக்குக் காக்காய்தான் வந்தது. ஏன் என்கிறீர்களா? அதோ பாருங்கள் படியை. வெளிப்புறம், தெருவைப் பார்க்க, பத்தொன்பது படி. எதிரே பேச்சிமுத்து ஜெராக்ஸ் கடை. அவனுக்கு ஒரு கண் மிஷின் மேல் என்றால் ஒன்பது கண் படி மேல். மனசு சரியில்லை என்று வருகிறவர் பத்தொன்பது படியையும் அவன் முன்னால் ஏறியாக வேண்டும். பாதி ஏறிவிட்டு, எதையோ மறந்துவிட்ட மாதிரி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! ஒருத்தர், பெரிய உத்தியோகம், பதினேழாம் படி வரைக்கும் போய்விட்டார். பேச்சிமுத்து கீழேயிருந்து, “சார், கரண்டு ரீடிங் எடுக்கவா வந்தீங்க?” என்று ஒரு குரல் கொடுத்தான். “ஆமா” என்று சொல்லி மீட்டரை உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனவர்தான், திரும்பவில்லை.

அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. வருகிறவர்களுக்குக் காரணம் இல்லை. அதுதான் கோளாறு. காரணம் கொடுக்கத்தான் நான் இருக்கிறேனே.

டீச்சரிடம் சொல்லவில்லை. நல்லது செய்கிறவன் தமுக்கு அடித்துக்கொண்டா செய்வான்?

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு பாங்க் ஆபீசர் வருவார். நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட வராதாம் அவருக்கு. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதான் நான் கொத்தமல்லி விதை காயப்போடுவது.

“யாரண்ணாச்சி அது?” என்றான் பேச்சிமுத்து.

“மாடித் தொட்டியில ஆமை விழுந்துட்டு. பிடிக்க வந்திருக்காரு.”

“போன வாரமும் வந்தாரே?”

“போன வாரமும் விழுந்துச்சே.”

நம்பினான் தம்பி! ஒரு மாதம் கழித்து, “ஆமை குட்டி போட்டுட்டா அண்ணாச்சி?” என்று அவனே கேட்டான். கல்லூரிப் பெண் ஒன்று வரும். அதற்கு, என் ஜாதகத்தை ஜப்பான் பாஷையில் எழுத வருகிறது, அங்கே ஒரு மியூசியத்தில் கேட்டிருக்கிறார்கள் என்றேன். ஆளுக்கு ஒரு காரணம். சொன்ன காரணம் மாறிவிடாமல் காலண்டர் பின்னால் குறித்து வைத்துக்கொள்வேன். பேச்சிமுத்து குரல் கொடுப்பதை விட்டான். மாடிக்கு ஆள் ஏறியது. பங்குனி வந்தபோது வாரத்துக்குப் பதினோரு பேர். அத்தனை பேரும் என் வாயைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் மாடியைப் பூட்டிவிட்டு இறங்கி வரும். மூன்றாம் படியில் உட்காரும். பத்து நிமிஷம். நான் இந்த நாற்காலியில். நான் பேசுவேன், அது தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக் கேட்கும். மயில் கதையை எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை மாதிரியே கேட்கும். ஒரு நாள் மட்டும், “ஐயா, நீங்க சொல்ற கதையில அம்மா வரவே மாட்டேங்காங்களே?” என்றது. என் வீட்டுக்காரியைக் கேட்கிறது. அவள் போய் ஆறு வருஷம். “அவ கதையெல்லாம் ரசம் மாதிரி, ஆறிட்டா நல்லாருக்காது” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்குக் கவுன்சிலிங் எல்லாம் தேவையில்லை தம்பி, நான் அந்த மாதிரி ஆள் இல்லை. பாவம், தனியாள், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா என்றுதான் உட்கார்ந்திருப்பேன். ஓசூரில் மகன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். இரண்டு நிமிஷம் பேசுவான். நல்ல பையன்.

இப்போது வியாழக்கிழமைப் பெண்ணுக்கு வருகிறேன். பேரைச் சொல்ல மாட்டேன், ரகசியம். தெற்கே மூன்றாவது சந்து, பச்சை கேட் வீடு, புருஷன் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். அதற்கு மேல் யாரென்று என் வாயைப் பிடுங்காதீர்கள்.

முப்பது வயசு இருக்கும். பதினொரு மணிக்கு ஏறும். ஜன்னலுக்குக் கீழே ஒரு சத்தமும் கேட்காது. ஐந்து வாரம் ஒரு சொல் கேட்கவில்லை. ஆறாவது வாரம் அழுகை கேட்டது. பன்னிரண்டு மணிக்கு இறங்கும்போது முகம் வீங்கியிருந்தது, கண் இரண்டும் பழுத்த மிளகாய். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளை எதுக்கு அழுதுட்டே இறங்குது?”

ஆமையெல்லாம் இங்கே செல்லாது. வாராவாரம் வர வேண்டும், குறிச்ச நேரத்துக்கு வர வேண்டும், அழவும் வேண்டும், அழுதாலும் தப்பாகத் தெரியக் கூடாது. ஒரு நொடி யோசித்தேன். மைக்கில் பேசியவனுக்கு ஒரு நொடி போதும்.

“ஜெபம்” என்றேன்.

“ஜெபமா?”

“பின்னே? டீச்சர் பேரு என்ன? ஜெசிந்தா. அழுது ஜெபம் பண்ணினா மனசு லேசாயிடும்லா.”

பேச்சிமுத்து தலையை ஆட்டினான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள் தம்பி. என் ஆயுசில் சொன்ன காரணங்களில் அதுதான் ஆக நேர்த்தியானது.

இது நடந்து ஒரு மாதத்தில் நாலு மாடிக் கட்டிடத்துக்காரர்கள் டீச்சரைக் கூப்பிட்டார்கள். கீழே பல் டாக்டர், முதல் மாடியில் கண், இரண்டாவதில் எலும்பு, மூன்றாவதில் இவர்கள். உங்களை மாதிரி நாலு பேர், ஆளுக்கு ஓர் அறை. இன்னும் ஓர் அறை காலி, ஆடி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

அன்றைக்கு மூன்றாம் படியில் டீச்சர் பேசியது, நான் கேட்டேன். அதிசயமான நாள்.

“இங்க என் இஷ்டம் ஐயா. ஒருத்தருக்கு அம்பது நிமிஷம்னா அம்பது நிமிஷம். அங்க முப்பதுதான் தருவாங்க. எழுதி வைக்கிறதெல்லாம் அவங்க கம்ப்யூட்டர்ல ஏறும், யாரு பார்ப்பான்னு எனக்குத் தெரியாது.”

“பார்த்தியா? அப்புறம் என்ன யோசனை?”

“ஆனா இங்க நான் ஒத்தையாளு. ஒருத்தர் சொன்னதைக் கேட்டு எனக்கே உதறுதுன்னு வைங்க, நான் செஞ்சது சரியான்னு கேட்க ஒரு ஆள் கிடையாது. அங்க சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசுவாங்களாம். அதோட…” என்று படியைப் பார்த்தது. “அங்க லிப்ட் இருக்கு. உள்ள போறவங்க பல்லுக்குப் போறாங்களா, கண்ணுக்குப் போறாங்களா, யாருக்கும் தெரியாது. வர்றவங்களுக்கு அது பெரிய மறைப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. மறைப்புக்கு ஒருத்தன் இங்கே வாய் வலிக்க வலிக்க உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல முடியுமா? “அவசரப்படாத தாயி. நான் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுதேன்” என்றேன்.

போனேன். கட்டிடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ குடித்தேன். வடை தின்றேன். கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் முகமே சரியில்லை. கேட்டைப் பார்த்தால் வீடு தெரியாதா தம்பி? உள்ளே வேறு போய்ப் பார்க்க வேண்டுமா? திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் சொன்னேன். “தாயி, பல்லு வலின்னு சொல்லி உள்ள போய் உட்கார்ந்தேன். சுவரெல்லாம் பிளைவுட்டு. பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துட்டுக் கிடக்கேன், மேல ஒரு பொம்பளை புருஷனைப் பத்திச் சொல்றது அச்சு அசலா காதில விழுது. பல் டாக்டர் மிஷினை நிறுத்திட்டுக் கேட்காரு. நர்ஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டா. போதாததுக்கு மைக்கு. ‘டோக்கன் எட்டு, மனக்கவலை, மூணாம் மாடிக்கு வரவும்’னு கூப்பிடுதான். மைக்கைப் பத்தி எனக்கா தெரியாது? சத்தம் பைபாஸ் வரைக்கும் போகும்.”

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. “நீங்க கண்ணால பார்த்தீங்களா ஐயா?”

“ரெண்டு கண்ணாலயும்.”

அது நம்பியதா, நம்ப ஆசைப்பட்டதா, எனக்குத் தெரியாது. புது இடம் என்றால் அதற்கும் பயம் இருந்திருக்கும். தங்குவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது, நான் ஒன்று கொடுத்தேன். ஆடி முடிந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டது. அந்த அறைக்கு மதுரையிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூட இறங்கியது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு அந்தப் பெண் வரவில்லை. அதன் புருஷன் வந்தான். படியில் ஏறவில்லை. கீழேயே நின்றான். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. டீச்சர் இறங்கி வந்தது.

“மேடம், எங்க அம்மா அவளைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பிட்டாங்க. அவ ஆத்தா வீட்டுக்கு.”

“ஏன்?”

“நீங்க ஜெபம் பண்ணி அவளை மாத்துறீங்களாம். தெருவெல்லாம் சொல்லுதாக. குழந்தை தக்காமப் போனதே அதனாலதான்ங்காங்க எங்க அம்மா. குழந்தை போனது தையில. அவ இங்க வந்தது மாசியில. இதைச் சொன்னா யாரு கேட்கா? பல்லுக்குப் போறா, வேர் சிகிச்சை, வாராவாரம் போகணும்னு நான்தான் அம்மாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். இந்தத் தெருவுல பல் டாக்டரே இல்லையேன்னு இப்பப் பிடிச்சுக்கிட்டாங்க.”

அப்போதுதான் தம்பி எனக்குத் தெரிந்தது, அது பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தது என்று. நான் கொத்தமல்லியைக் கிளறிக்கொண்டிருந்தேன். விதை காய்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

“நீங்க ஒரு தடவை வந்து எங்க அம்மாகிட்டச் சொல்லுங்க மேடம். எதுக்கு வந்தான்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. “அதை நான் சொல்லக் கூடாது. உங்ககிட்டக்கூட நான் எதுவும் சொன்னதில்ல. அவங்க சம்மதிச்சா வந்து சொல்றேன். அவங்களைக் கேட்டுட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்தான். இந்தத் தடவை ஏறினான். இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“வேண்டாம்ங்கா மேடம். ‘பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்தான்னு சொல்றதுக்கு, மதம் மாறிட்டான்னே இருக்கட்டும். அதாவது மரியாதை’ன்னு சொல்லிட்டா.”

டீச்சர் இறங்கி வந்தது. அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எதிரே ஜெராக்ஸ் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு என்ன? ஆமை பிடிக்கிற பாங்க் ஆபீசர் வருவதை நிறுத்தினார். ஜெப வீட்டுக்குப் போகிறான் என்று யாராவது சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? கல்லூரிப் பெண்ணை அதன் அப்பா வந்து பாதிப் படியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒரு நாள் எட்டுப் பேர் வந்து என்னிடம் சத்தம் போட்டார்கள், குடியிருப்பில் ஜெபக்கூடம் எப்படி நடத்தலாம் என்று. டீச்சர் இறங்கி வந்து, “இங்க ஜெபம் நடக்கல” என்றது.

“அப்ப அந்தப் பிள்ளை எதுக்கு வந்து அழுதுச்சு? அதைச் சொல்லு.”

வாயைத் திறக்கவில்லை தம்பி. ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். நான் கூடச் சாடை காட்டினேன், சொல்லிவிடு என்று. அப்படியே நின்றது. எட்டுப் பேரும், “பார்த்தீங்களா, பதில் இல்ல” என்று போனார்கள். எனக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு பதில் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் மைக் வேலை செய்யவில்லை.

சாயங்காலம் டீச்சர் வழக்கம்போல் மூன்றாம் படியில் உட்கார்ந்ததும் கேட்டேன். “அந்தக் கட்டிடத்துக்காரங்களை இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் தாயி.”

“கேட்டேன் ஐயா. இடம் இல்லையாம். இருந்தாலும் என்னைச் சேர்த்தா அவங்க கட்டிடத்துக்கும் பேர் கெடும்னு சொன்னாங்க.” பிறகு சும்மா இருக்கும்போது சொல்கிற மாதிரிச் சொன்னது: “போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் செங்கல்தான்.”

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருமா என்று.

ஐப்பசியில் காலி பண்ணியது. எங்கே போனதென்று தெரியாது. சென்னையில் ஏதோ கம்பெனியில் காதில் மாட்டிக்கொண்டு போனில் வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்கிறது என்று ஒருத்தர் சொன்னார். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷமாம். அந்தப் பெண் இன்னும் சங்கரன்கோவிலில்தான். புருஷன் சனிக்கிழமை போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை தனியாகத் திரும்புகிறான். இந்த வழியாகத்தான் போகிறான். இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

போகிற அன்றைக்கு ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாடியில் இரண்டு நாற்காலி மட்டும். என்னை மேலே கூப்பிட்டது. பத்தொன்பது படியும் ஏறினேன், மூட்டு வலியோடு. பேச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“உட்காருங்க ஐயா. வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கு. நீங்க பேசுங்க.”

“என்ன பேச?”

“உண்மையா ஏதாவது. சின்னதா இருந்தாலும் சரி.”

வேலை இல்லை, பொழுது போகவில்லை அதற்கு. சரி, போகிற பிள்ளை கேட்கிறதே என்று நானும் உட்கார்ந்தேன். அது தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். மயில் வரவில்லை. ஆமை வரவில்லை. வீட்டுக்காரி பேர் தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. அந்தப் பச்சை கேட் வந்தது. அதுவும் நின்றது. ஜன்னல் வழியாக என் கொத்தமல்லிச் சாக்கு தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது தெரியுமா? டீச்சர் இரண்டு வருஷமாக அதைப் பார்த்திருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஐம்பது நிமிஷம் தம்பி. ஒரு வார்த்தை பேசவில்லை நான். அதுவும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரம் முடிஞ்சுது ஐயா” என்றது. எழுந்தேன். வாசலில் வந்து, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றது.

“நான்தான் ஒண்ணுமே சொல்லலையே தாயி!”

“ஆமா. அதைத்தான்.”

என்ன பேச்சு அது? படித்த பிள்ளைகள் சமயத்தில் இப்படித்தான் புரியாமல் பேசும். உங்களுக்குப் புரிகிறதா? புரிந்தாலும் சொல்ல வேண்டாம்.

அதனால் தனியா, கூட்டா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? தனியாக இருந்தால் என்னை மாதிரி ஒருத்தன் கீழே இருப்பான். கூட்டாக இருந்தால், செங்கல் சுவர், நல்ல லிப்ட், முப்பது நிமிஷம். ஐந்து வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுகிறவளுக்கு முப்பது நிமிஷம் எந்த மூலைக்கு? போய்ப் பாருங்கள். எது கிடைத்தாலும் நல்லது என்று சொல்லத்தான் ஆசை. வாயில் வரவில்லை.

இந்தாருங்கள் சாவி. ஜன்னல் கொஞ்சம் இறுக்கம், தூக்கித் தள்ள வேண்டும். ஒன்று மட்டும் தம்பி. அந்த ஜெபப் பேச்சை முதலில் கிளப்பியது யாரென்று இந்தத் தெருவில் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பேச்சிமுத்துவே மறந்துவிட்டான், ஜெபத்தைத் தானே கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். டீச்சருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த எட்டுப் பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்காதா? நீங்களும் கேட்டதைக் கேட்டபடி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், வெள்ளத்துரை சொன்னான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.